மன உறுதி இல்லாதவர் யார்?

சிகரெட் பெட்டியின் இரு முகங்களிலும் 85 விழுக்காடு பரப்பை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்க வேண்டும் என்பது 2016 முதல் நம் நாட்டில் விதி. அழுகிய வாயும் கட்டி வெடித்த கழுத்தும் அச்சடித்த அந்தப் பெட்டியை வாங்கி, படத்தைப் பார்த்தபடியே ஒருவர் பற்றவைக்கிறார். அவரிடம் போய்ப் புகை உடம்புக்குக் கேடு என்றால் அதில் அவருக்கு என்ன புதுச் செய்தி? சர்க்கரை முந்நூறைத் தாண்டியவருக்கு ஜிலேபி ஆகாது என்று தெரியும். விடியற்காலை ஐந்தரைக்கு எழ வேண்டியவருக்கு இரவு ஒரு மணிக்கு ரீல்ஸ் பார்க்கக் கூடாது என்று தெரியும். கந்துவட்டிக்கு வாங்கி மகளுக்குச் சீர் செய்கிறவருக்கு அந்த வட்டி எப்படி ஏறும் என்பது நம்மைவிட நன்றாகவே தெரியும்.

தெரிந்தவரிடம் தெரியாதவருக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொல்வதைத்தான் அறிவுரை என்கிறோம். சொல்லி முடித்ததும் சொன்னவருக்கு ஒரு நிறைவு வருகிறது. கேட்டவருக்கு எதுவும் வருவதில்லை. பகுத்தறிவு பேசுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. "அறிவிருந்தால் செய்வானா?" என்று கேட்கும்போது, கெட்டுப்போவதற்குக் காரணம் அறியாமை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அறியாமை இல்லை என்று தெரிந்தால் அடுத்த குற்றச்சாட்டு தயாராக இருக்கிறது: மன உறுதி இல்லை.

இரண்டும் பொய் என்பது என் கருத்து. தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிற மனிதரிடம் அறிவும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. அவற்றை நிற்கவைக்கும் ஏற்பாடு எதையும் அவரைச் சுற்றி நாம் செய்து வைக்கவில்லை. செய்யாததை மறைக்க அறிவுரையும் ஏளனமும் நமக்கு உதவுகின்றன.

முதலில் அறிவு. புகைபிடிப்பவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் மிகுதியாக வருகிறது என்று 1950-இல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டனில் கண்டு எழுதினார்கள். மறுஆண்டு அவர்கள் பிரிட்டனின் மருத்துவர்களுக்கே கடிதம் அனுப்பி, நீங்கள் புகைக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 40,000 மருத்துவர்கள் பதில் எழுதினார்கள். அவர்களின் வாழ்வையும் சாவையும் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவந்த கணக்கு 2004-இல் வெளியானது. கடைசிவரை விடாதவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்திருந்தார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு ஆபத்து பாதியாகக் குறைந்தது. 30 வயதில் விட்டவர்களுக்கு அநேகமாக முழுவதும் நீங்கியது. இடையிடையே வந்த முடிவுகளெல்லாம் அவர்கள் படிக்கும் மருத்துவ இதழிலேயே அச்சானவை. பலர் விட்டார்கள். விடாத மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களின் சாவுகளிலிருந்துதான் அந்த 10 ஆண்டுக் கணக்கே நமக்குக் கிடைத்தது. நுரையீரலை அறுத்துப் படித்தவருக்கே அறிவு போதவில்லை என்றால், பெட்டிக்கடை வாசலில் நிற்கிற கொத்தனாருக்கு அறிவு போதவில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

அப்படியானால் மனிதனுக்குள் அழிவை விரும்பும் ஏதோ ஒன்று இருக்கிறதா? இருக்கிறது என்றார் ஃபிராய்டு. 1920-இல் அதற்குச் சாவு உந்துதல் என்று பெயரும் வைத்தார். நம் ஊரில் தலையெழுத்து என்கிறோம், ஏழரைச் சனி என்கிறோம். மேல்நாட்டுப் பெயரோ உள்ளூர்ப் பெயரோ, ஆராய வேண்டியதை ஆராயாமல் விடுவதற்கு இரண்டும் ஒரே வசதியைத் தருகின்றன. 1988-இல் உளவியலாளர்கள் ராய் பாமைஸ்டரும் ஸ்டீவன் ஷெரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி இதே கேள்வியைக் கேட்டார்கள். மனநோய் இல்லாத சாதாரண மனிதர்கள் அழிவை நாடி அழிவதாக அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. பெரும்பாலும் மனிதர்கள் இப்போதைய ஒரு வலியிலிருந்து விடுபட, பின்னால் வரும் ஒரு கேட்டை விலையாகக் கொடுக்கிறார்கள். அல்லது நல்லது ஒன்றை நாடித் தவறான வழியில் போகிறார்கள்.

அந்த வலி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2014-இல் வெளியான, உளவியலாளர் டிமோதி வில்சனின் சோதனையில் ஆட்களை வெற்று அறையில் 15 நிமிடம் தனியே உட்கார வைத்தார்கள். செல்போன் இல்லை, புத்தகம் இல்லை. பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் தனக்கே மின் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை பட்டுப் பார்த்து, இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன் என்று சொன்னவர்கள்தான் அவர்கள். 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், சும்மா இருக்க முடியாமல் பொத்தானை அழுத்தினார்கள். தன் மனத்தோடு தான் மட்டும் கால் மணி நேரம் இருப்பது இவர்களுக்கு அதிர்ச்சியைவிடக் கடினமாக இருந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு அந்த நள்ளிரவு ரீல்ஸைப் பாருங்கள். காலை முதல் மேலாளருக்கும், பேருந்துக்கும், அடுப்புக்கும், பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் போன நாளில், அதைப் பார்க்கிற பெண்ணுக்கு மிஞ்சிய ஒரே நேரம் அது. தூக்கத்தை விற்றுத்தான் அதை வாங்க முடிகிறது. தேர்வுக்கு முந்திய இரவு இரண்டாம் ஆட்டம் போகிற மாணவனையும் பாருங்கள். படித்தும் தோற்றால் மண்டையில் ஒன்றுமில்லை என்றாகிவிடும். படிக்காமல் தோற்றால் படிக்காததால் தோற்றான் என்றாகும். ஸ்டீவன் பெர்க்ளாஸும் எட்வர்டு ஜோன்ஸும் 1978-இல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். எப்படி வென்றோம் என்றே புரியாமல் வென்ற ஆண் மாணவர்களில் பலர், அடுத்த தேர்வுக்கு முன் திறமையைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட மருந்தைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். தோல்விக்கு முன்கூட்டியே ஒரு காரணம் தேடிக்கொண்டார்கள். மானத்தைக் காப்பாற்ற மதிப்பெண்ணைக் கொடுக்கிற வியாபாரம் இது. நஷ்ட வியாபாரம்தான், ஆனால் பைத்தியக்காரத்தனம் அல்ல.

இந்த இடத்தில் நம் ஏளனம் என்ன வேலை செய்கிறது? "உருப்படாதவன்" என்று ஊரே சொல்லும்போது, அவர் எந்த வலியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாரோ அதே வலியை நாம் கூட்டிக் கொடுக்கிறோம். கூடிய வலிக்கு அவர் அறிந்த மருந்து ஒன்றுதான். கனடாவில் மைக்கேல் வோலும் உடன் ஆய்ந்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தங்களை மன்னிக்காதவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. திட்டினால்தான் திருந்துவான் என்பதை நாம் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, பரம்பரையாகச் சொல்லிவருகிறோம். சோதிக்காமல் நம்புவதற்குப் பெயர் மூடநம்பிக்கை என்றால், இதுவும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியதே.

இனி உறுதி. இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. பொருளியல் ஆய்வாளர் ஃபிராங்க் ஷில்பாக் இங்கே 229 சைக்கிள் ரிக்‌ஷா தொழிலாளர்களோடு மூன்று வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. எல்லாரும் குடிப்பவர்கள், பகலிலேயே குடிப்பவர்கள். ஏன் என்று கேட்டால் முதலில் சொல்லும் காரணம் உடல்வலி. நாள் முழுக்க ஆளையும் சரக்கையும் வைத்து மிதித்த காலுக்கும் இடுப்புக்கும் மலிவாகக் கிடைக்கிற வலி மருந்து குவார்ட்டர்தான். தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து அவர்கள் மூச்சுக் கருவியில் ஊதினார்கள். ஒரு பகுதியினருக்குக் குடிக்காமல் வந்தால் கூடுதல் காசு. மற்றவர்களுக்கு எப்படி வந்தாலும் ஒரே காசு. காசுக்காகக் குடிக்காமல் வந்தவர்கள் மொத்தக் குடியைப் பெரிதாகக் குறைத்துவிடவில்லை, பகல் குடியை இரவுக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில மணி நேரத் தெளிவுக்கே அவர்களின் சேமிப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது.

என்னை உலுக்கியது அடுத்த முடிவு. எந்த ஏற்பாடு வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் எப்படி வந்தாலும் கிடைக்கும் கூடுதல் பணத்தை விட்டுக்கொடுத்து, குடிக்காமல் வந்தால் மட்டும் பணம் என்ற நிபந்தனையைக் கேட்டு வாங்கினார்கள். அன்றாடங்காய்ச்சிகள் தங்கள் கைக்காசைக் கொடுத்துத் தங்களுக்கே ஒரு கட்டுப்பாட்டை வாங்குகிறார்கள். மன உறுதி இல்லாதவன் என்று நாம் சொல்கிறவர் செய்த காரியம் இது. உறுதியை விலை கொடுத்து வாங்கத் தயாராக நிற்கிறார். விற்பதற்கு ஊரில் கடை இல்லை. குவார்ட்டருக்குக் கடை இருக்கிறது, பகல் 12 மணிக்கே திறந்துவிடுகிறது, திறப்பது அரசு. அந்தக் கடைகளிலிருந்து அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது.

இந்த மனிதர்களின் உறுதியைப் பார்க்க விரும்புகிறவர் கார்த்திகை மாதத்தில் பார்க்கலாம். நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், விடியலுக்கு முன் பச்சைத் தண்ணீரில் குளியல். 41 நாளோ 48 நாளோ, ஒரு சொட்டு தொடாதவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள்.

பக்தர் இதை ஐயப்பன் அருள் என்பார். அருள் மாலையோடு சேர்ந்து கழன்றுவிடுமா என்று கேட்டால் பதில் இல்லை. பகுத்தறிவாளர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். என்னால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் நம் கண் முன்னால் ஆண்டுதோறும் நடக்கிற மிகப் பெரிய சோதனை இது, நாம் அதன் முடிவைப் படிப்பதில்லை. அந்த நாற்பத்தொரு நாளில் மாறியது என்ன? நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவர்கள் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். உடையைப் பார்த்தால் கடைக்காரரே கொடுக்கத் தயங்குவார். மாலை ஆறு மணிக்கு, கை பரபரக்கும் அதே நேரத்தில், பஜனைக்கு ஆள் வந்து அழைத்துப்போகிறது. குருசாமி என்று ஒருவர் கூடவே இருக்கிறார்; அவரும் ஒரு காலத்தில் கன்னிசாமியாக இருந்தவர். எப்போது முடியும் என்று தேதி தெரியும். மரியாதை, தடை, வேலை, துணை, கெடு. இந்த ஐந்தில் எதற்கும் கடவுள் தேவையில்லை. நாம் கொடுக்கக்கூடியவைதான் எல்லாமே, ஆனால் நாம் கொடுக்கவில்லை.

(ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாகக் காலை முதல் குடிக்கிறவர் மாலை போட்டோ போடாமலோ சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அது சாமி குற்றமும் அல்ல, நடிப்பும் அல்ல. அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.)

இடமும் துணையும் மாறினால் மனிதர் மாறுவது குடிக்கு மட்டும் உரியதல்ல. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் இருபதில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். காட்டையும் சாவையும் கூட்டாளிகளையும் விட்டு வந்ததும் பெரும்பாலோருக்கு ஹெராயினும் தேவைப்படவில்லை.

"என் உடம்பு, என் காசு, உனக்கென்ன?" என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். தனிமனித உரிமை பேசிவிட்டு அதைத் தள்ளிவிட முடியாது. பிறருக்குத் தீங்கில்லாதவரை ஒருவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமையில்லை என்று 1859-இல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், அதே நூலில் ஒருவர் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. விடுதலையைக் கொண்டே விடுதலையை ஒழிப்பது விடுதலையாகாது என்பது அவர் வாதம். 1984-இல் தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் இன்னும் ஒரு படி மேலே போனார். இன்று புகைக்கத் தொடங்கும் சிறுவனுக்கும் ஐம்பது ஆண்டு கழித்து அதனால் துன்பப்படப்போகும் கிழவருக்கும் உள்ள உறவு, இரண்டு வெவ்வேறு மனிதர்களுக்கு இடையே உள்ள உறவைப் போன்றதுதான் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது அந்தச் சிறுவன் செய்வது முட்டாள்தனம் என்ற கணக்கில் வராது, அநியாயம் என்ற கணக்கில் வரும்.

நான் இதை ஏற்கிறேன். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கப்போகும் அறுபது வயதுக்காரரை முப்பது வயதுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க முடியாது; அவர் இன்னும் வரவில்லை. அவருக்காகப் பேச இப்போது யாராவது வேண்டும், அவர் பக்கம் நின்று கதவைச் சாத்த வேண்டும். குடும்பம் அதைத் தனியாகச் செய்கிறது. சம்பள நாளில் வாசலில் நின்று பாக்கெட்டைப் பிடிக்கிற மனைவி செய்வது அதைத்தான். அவளுக்கு அடி விழுகிறது. ஒரு சமூகம் கூடிச் செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண்ணின் கையில் விட்டுவிட்டு, அவள் கணவனுக்கு உறுதியில்லை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கள்ளுக்கடை மறியல் காலத்தில், 1920களின் தொடக்கத்தில், சேலம் தாதம்பட்டியில் தம் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தவரும் அவர்தான். இதை முரண்பாடு என்று காட்டுவோர் உண்டு. என் கண்ணுக்கு அதில் ஒரு பாடம் படுகிறது: தன் கையில் இருந்ததை முதலில் செய்தார், போலீஸ்காரர் மனிதனைத் திருத்திவிடுவார் என்று நம்ப மறுத்தார். கணவரைக் குடியில் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை ஒரு நோயாகப் பார்த்து, நோயாளியோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசும் இடம் அது. அப்படி எத்தனை இடம் இருக்கிறது நம்மிடம்? படிப்பகம் வைத்தோம், மன்றம் வைத்தோம், கூட்டம் போட்டோம். மாலை ஆறு மணிக்குக் கை பரபரக்கிற ஒருவர் வந்து உட்கார ஒரு பெஞ்சு போட்டோமா? ஆட்டோ ஸ்டாண்டு சங்கம் இதைச் செய்யலாம். சங்கத்தில் பேர் கொடுப்பவர் தம் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டிவைத்து, மாதம் முடிய வாங்கிக்கொள்ளலாம். பகலில் தொடாமல் இருந்ததற்கு ஸ்டாண்டே சாட்சி.

கடவுள் பேரால் எடுக்கிற சபதத்தைவிட இது மேலாக இருக்க முடியும் என்பதற்குக் காரணம் உண்டு. சபதம் ஒருமுறை முறிந்தால் முழுவதும் முறிகிறது. "மாலையைக் கெடுத்துவிட்டேன், இனி என்ன?" என்று அன்று விடியவிடியக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக எண்ணிக்கொள்வதே மனிதரை முழுத் தோல்விக்குத் தள்ளுகிறது என்பதை ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் போதை மீட்புப் பணியில் இருந்து விரிவாக எழுதியிருக்கிறார். மனிதர் ஏற்படுத்தும் ஏற்பாட்டில் தீட்டு இல்லை, பரிகாரமும் இல்லை. எட்டாம் நாள் தவறியவருக்கு ஏழு நாள் கணக்கில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலை அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டாண்டுக்கு வருவார். "ஏன் அண்ணே குடிச்சீங்க?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. எத்தனை மணிக்கு, யாரோடு, கையில் எவ்வளவு பணத்தோடு, சாப்பிட்டுவிட்டா சாப்பிடாமலா, உடம்பில் எங்கே வலித்தது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். அந்தப் பதில்களை வைத்து அன்று மாலைக்குள் எதை மாற்ற முடியுமோ அதை மாற்ற வேண்டும்: பணத்தை யார் வாங்கி வைப்பது, ஐந்தரைக்கு யார் கூட இருப்பது, இடுப்பு வலிக்கு எந்த மருத்துவரிடம் கூட்டிப்போவது.